ஃபாஸ்டேக்கில் தவறாகப் பிடிக்கப்படும் சுங்கக் கட்டணம்: கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
சரக்கு வாகன உரிமையாளர்கள், ஓட்டுநர்கள் சங்கம்.

பெறுநர்:
திட்ட இயக்குநர் அவர்கள்,
இந்திய தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையம்.

பொருள்: தவறாகப் பிடித்த கட்டணத்தைத் திருப்பித் தரவும், மீண்டும் நேராமல் தடுக்கவும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மையீர்,

2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானபோது எங்கள் உறுப்பினர்கள் அதை மனமுவந்து ஏற்றார்கள். சுங்கச்சாவடியில் வரிசையில் நின்று டீசல் எரிப்பது குறைந்ததையும் மறுக்கவில்லை. ஆனால் போகாத சாவடிக்குப் பணம் போவதை எப்படிப் பொறுப்பது?

உறுப்பினர் ஒருவரின் மினி லாரி கியர்பாக்ஸ் இறக்கிப் பட்டறையில் நின்றிருந்தது. நள்ளிரவில், வேறு மாவட்டத்துச் சாவடியைக் கடந்ததாக அவருக்குக் குறுஞ்செய்தி வந்தது. டேக் படிக்காத வண்டிக்கு ஊழியர் பதிவெண்ணைக் கையால் தட்டும்போது ஓர் எண் பிசகினாலும் இப்படி நேரும். வங்கியில் கேட்டார், சாவடிக்குப் போகச் சொன்னார்கள். சாவடியிலோ, டேக் கொடுத்த வங்கியைப் பார்க்கச் சொன்னார்கள். நூறு ரூபாய்ச் சில்லறைக்கு ஒரு நாள் வாடகையை இழக்க முடியாமல் பலர் விட்டுவிடுகிறார்கள்.

வண்டி வகையை மாற்றிப் பதிவதால் வரும் நட்டம் இதைவிடப் பெரிது. 2008 கட்டண விதிகளின் அடிப்படை வீதம், கிலோமீட்டருக்கு இலகுரக சரக்கு வாகனத்துக்கு 1.05 ரூபாய், இரண்டு அச்சு லாரிக்கு 2.20 ரூபாய். வகை மாறினால் கட்டணம் இரு மடங்கைத் தாண்டுகிறது. லோடு பேசும்போதே டோல் கணக்கும் முடிந்துவிடுவதால் கூடுதல் தொகையைச் சரக்குக்காரர் தரமாட்டார். உரிமையாளரின் சந்தேகம் ஓட்டுநர் மேல் விழுகிறது. சில இடங்களில் பேட்டாவிலும் பிடிக்கிறார்கள். செய்யாத தவறுக்கு ஓட்டுநர் தலைகுனிவதை எங்களால் ஏற்க முடியாது.

ஆகவே, பணம் பிடித்ததற்கான செய்தியோடு அந்தப் பாதைக் கேமரா எடுத்த படத்தையும் வாகன உரிமையாளர் பார்க்க வழி செய்ய வேண்டும். இதுவே எங்கள் முதற்கோரிக்கை. படம் கிடைத்தால் பாதி வழக்கு அங்கேயே தீரும். 1033 உதவி எண்ணில் புகார் பதிந்த 7 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தவறவிட்டால் பணம் தானாகவே கணக்கில் திரும்ப வேண்டும். பதிவெண்ணைக் கையால் பதியும்போது மேற்பார்வையாளர் ஒப்புதல் கட்டாயமாக வேண்டும்.

செல்லுபடியாகும் டேக்கில் போதிய இருப்பு இருந்தும் சாவடிக் கருவி பழுதானால், வண்டியைக் கட்டணமின்றி விட்டுப் பூஜ்ய ரசீது தர வேண்டும் என்பது 2018 முதல் விதி. இதைச் சாவடிதோறும் தமிழில் பெரிய பலகையாக வைக்க வேண்டுகிறோம். தவறாகப் பிடித்த சுங்க வசூல் நிறுவனத்துக்கு விதிக்கும் அபராதத்தோடு, வண்டிக்காரரின் அலைச்சலுக்கும் ஈட்டுத்தொகை வழங்க வேண்டும்.

உறுப்பினர்களின் ஃபாஸ்டேக் கணக்கு விவரங்களையும் வண்டிகளின் பதிவுச் சான்று நகல்களையும் இத்துடன் இணைத்துள்ளோம். அவற்றைப் பரிசீலித்து, சங்கப் பிரதிநிதிகளை நேரில் அழைத்துப் பேசித் தீர்வு காணுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர்
(உறுப்பினர்கள் சார்பாக)