ஹாஸ்டல் ஜன்னல்: பம்பைக்கு லீவு!

மார்கழின்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கோலம், பூசணிப்பூ, விடியற்காலை ஸ்பீக்கர், கோயில் வெண்பொங்கல்... சென்னை ஃப்ரெண்ட்ஸுக்கு சபா கேன்டீன். 1927-ல சென்னையில காங்கிரஸ் மாநாடு நடந்தப்போ கூடவே ஒரு இசை மாநாடும் நடந்துச்சு. அதுல முளைச்சதுதான் 1928-ல வந்த மியூசிக் அகாடமி. டிசம்பர்னாலே கச்சேரின்னு ஆனதுக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

எங்க சங்கரன்கோவில்ல கதை அப்படியே உல்டா! ஊரே பாட்டு கேட்குற மாசத்துலதான் எங்க வீட்டு மேளமெல்லாம் உறைக்குள்ள போய்ப் படுத்துக்கும்.

'எங்க வீட்டு மேளமா?'ன்னு என் ரூம் மேட்ஸ் இப்போ புருவத்தைத் தூக்குவாங்க. ரெண்டரை வருஷமா மறைச்சு வச்ச மேட்டர் மக்களே, இந்த வாரம் உடைச்சுடறேன். நான் நையாண்டி மேளத்துல பம்பை வாசிக்கிறவன். எங்க தாய்மாமாதான் செட்டுக்குத் தலைவர், தவில். ரெண்டு நாதஸ்வரம், ரெண்டு தவில், பம்பை, தமுக்கு, தாளம், முன்னாடி கரகம் ஆடுற அக்காக்கள். இதான் எங்க செட். 'சனி, ஞாயிறு சொந்தக்காரங்க கல்யாணம்'னு சொல்லிட்டு ஹாஸ்டல்ல இருந்து கிளம்புவேன்ல? அத்தனையும் அம்மன் கோயில் கொடை!

ஏன் மறைச்சேன்? ஃபர்ஸ்ட் இயர்ல ஒரு ராத்திரி மெஸ்ஸுல ஒருத்தன் போன்ல கரகாட்ட வீடியோ ஓடிச்சு. அதோட தலைப்பை இங்கே எழுத முடியாது. சுத்தி நின்னு எல்லாரும் சிரிச்சாங்க. ஆடுறவங்க காலை எவனும் பார்க்கல, தலையில இருந்த செம்பையும் பார்க்கல. பின்னாடி பம்பை அடிச்ச ஆளு யாருன்னு நான் மட்டும் பார்த்தேன். நல்லவேளை, நான் இல்ல. நானும் சிரிச்சேன். அதுதான் இன்னிக்கும் குத்துது.

1989-ல வந்த 'கரகாட்டக்காரன்' படத்தைப் பத்திக் கேட்டா எல்லாருக்கும் வாழைப்பழம் தெரியும். அதுல கவுண்டமணி தவில்காரர், செந்தில் நாதஸ்வரக்காரர்னு எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு?

சரி, மார்கழிக்கு வருவோம். எங்களுக்குக் கடைசிப் பெரிய வேலை புரட்டாசியில குலசேகரன்பட்டினம் தசரா. அப்புறம் ஐப்பசி மழை. கார்த்திகை பிறந்தா நாதஸ்வர மாமா ஐயப்பனுக்கு மாலை போட்டுடுவார். மார்கழியில கொடையும் கிடையாது, கல்யாணமும் கிடையாது. தை பிறந்து பூசம், அப்புறம் பங்குனி உத்திரத்துக்கு குலதெய்வக் கோயில், சித்திரைக் கொடைன்னு வண்டி கிளம்புற வரைக்கும் தவில்காரன் வயிறு என்ன செய்யும்?

மாமா தறிக்குப் போறார். எங்க ஊர் விசைத்தறிக்குப் பேர் போன ஊரு. தெருவுல நடந்தாலே 'டடக் டடக்'னு ஒரே சத்தம். "காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரே தாளம் மருமவனே. மாத்தி வாசிக்க வழியே இல்ல, அதான் தலைவலிக்கு"ன்னு புலம்புவார். ரெண்டாவது தவில் அண்ணன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிட்டார். போன மார்கழியிலயும்தான் போனார், தையில திரும்பிட்டார். இந்த வாட்டி பொண்டாட்டி புள்ளைகளையும் கூட்டிட்டுப் போயிருக்கார்.

கரகம் ஆடுற அக்கா பூப்பறிக்கப் போறாங்க. பனி விழுந்தா மல்லிகை மொட்டு விடுறது கொறைஞ்சுடும். அதனாலதான் மார்கழி, தையில பூ விலை எகிறும். விலை ஏறுனா அக்காவுக்கு நல்லதுதானேன்னு கேட்டேன். "பூ இருந்தாத்தான தம்பி பறிக்கதுக்கு! எடைக்குத்தான் கூலி"ன்னாங்க. சந்தையில விலை ஏறுறப்போ இவங்க கையில காசு இறங்குது. எக்கனாமிக்ஸ் பேப்பர்ல இந்தக் கேள்வி வந்திருந்தா நான் நிச்சயம் தப்பாத்தான் எழுதியிருப்பேன்.

ஆனா ஒண்ணு. பூப்பறிச்சுட்டு வந்து, வெயில் ஏறினதும் அக்கா வீட்டு முற்றத்துல அரிசி போட்ட செம்பைத் தலையில வச்சு தினமும் அரைமணி நேரம் நடப்பாங்க. மேளம் இல்லாம, சலங்கை இல்லாம, நைட்டியோட! "மூணு மாசம் சும்மா இருந்தா கழுத்து மறந்துரும் தம்பி."

போன செமஸ்டர்ல எங்களுக்கு கன்ட்ரோல் சிஸ்டம்ஸ். அதுல 'இன்வெர்ட்டட் பெண்டுலம்'னு ஒரு சமாச்சாரம். ஒரு குட்டி வண்டி மேல குச்சியைச் செங்குத்தா நிறுத்தி, விழாம வண்டியை முன்னயும் பின்னயும் ஓட்டணும். சென்சார் வேணும், மோட்டார் வேணும், பக்கம் பக்கமா ஈக்குவேஷன் வேணும். லேப்ல எங்க பேட்ச் குச்சி பொத்து பொத்துன்னு விழுந்துச்சு. லீவுல வந்து அக்காகிட்ட, "எப்படிக்கா விழாம நிக்குது?"ன்னேன். பூ கட்டிக்கிட்டே சொன்னாங்க, "அது எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கமே நாமளும் போவணும். இந்தப் பக்கம் இழுத்துப் புடிக்கப் பாத்தா விழுந்துரும்."

அட, அதேதான்! நாங்க மூணு பக்கத்துக்கு எழுதுன ஈக்குவேஷனோட அர்த்தமே அதுதான். "செம்புக்கு மேல அவ்ளோ உயரமா ஜோடனை, கிளியெல்லாம் எதுக்குக்கா? கஷ்டம்தானே?"ன்னு கேட்டா, "உசரமா இருந்தா மெதுவாத்தான் சாயும், சுதாரிச்சுக்கிடலாம்"ங்கிறாங்க. உள்ளங்கையில பென்சிலை நிறுத்திப் பாருங்க, அப்புறம் துடைப்பக்கட்டையை நிறுத்திப் பாருங்க. அக்கா சொல்றது புரியும். எட்டாங்கிளாஸோட நின்னவங்க. அந்த மெஸ் வீடியோவுல எவனும் பார்க்காம விட்டது இதைத்தான்.

மார்கழியில எங்க ஆளுங்களுக்கு மேடையே கிடையாதுன்னு சொல்லிட முடியாது. 2007-ல ஆரம்பிச்ச சென்னை சங்கமம், பொங்கல் நேரத்துல பார்க்குக்கும் பீச்சுக்கும் கிராமியக் கலைகளைக் கொண்டு போச்சு. நடுவுல நின்னு போய், 2023-ல திரும்ப வந்துச்சு. நீலம் பண்பாட்டு மையம் 2020-ல இருந்து 'மார்கழியில் மக்களிசை' நடத்துது. சபா சீசன் நடக்குற அதே மாசத்துல பறையையும் கானாவையும் மேடை ஏத்துறதுன்னா கெத்துதானே? ஆனா அதெல்லாம் சென்னை. சங்கரன்கோவில்ல இருந்து ராத்திரி பூரா பஸ்ல போகணும். எல்லா செட்டுக்கும் கூப்பிடு வராது. மாமாகிட்ட நலவாரிய கார்டு இருக்கு, பெட்டிக்குள்ள பத்திரமா!

2020 மார்ச்சுல ஊரடங்கு வந்தப்போ பங்குனி, சித்திரை, வைகாசின்னு சீசன் மொத்தமும் போச்சு. எங்களுக்கு அந்த வருஷம் முழுக்க மார்கழிதான். அப்போதான் மாமா ஒரு தவிலை வித்தார். எனக்குப் பம்பை சொல்லிக் கொடுத்ததும் அப்போதான். பொழுது போகலைன்னு ஆரம்பிச்சது.

போன வாரம் மாமா உறையைப் பிரிச்சு தவிலைத் தூசி தட்டினார். முன்னெல்லாம் தோல் வார் போட்டு இழுத்துக் கட்டுவாங்க, பனிக்குத் தொய்ஞ்சுடும். இப்போ இரும்பு வளையம், போல்ட், நட். ஸ்பேனரை என் கையில கொடுத்து, "இஞ்சினியரு, டைட் பண்ணுலே"ன்னார். ஒரே போல்ட்டை இறுக்காம எதிர் எதிரா மாத்தி மாத்தி இறுக்கினேன். "இதை எவன் சொல்லிக் கொடுத்தான்?"னார். கார் வீல் மாட்டுற கணக்கு மாமா!

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். "பங்குனியில ஒரு செவ்வாக்கிழமை கொடைக்கு அட்வான்ஸ் வாங்கிட்டேன். திருப்பூர்க்காரன் வரமாட்டான் போலருக்கு. பம்பைக்கு வேற ஆளு பாத்துக்கிடுதேன், நீ ரெண்டாந் தவிலுக்கு ஒக்காரியா?"

அந்த வாரம் இன்டர்னல் டெஸ்ட். பிளேஸ்மென்ட் ட்ரெய்னிங்கும் அப்போதான். தவில்ல எனக்கு இன்னும் கை சரியா உருளாது. விரல்ல கூடு மாட்டினாலே அரைமணி நேரத்துல வலி பின்னிடும்.

'பார்க்கலாம் மாமா'ன்னு சொல்லிட்டு மாடிக்குப் போயிட்டேன். ராத்திரி ரூம் மேட் போன் பண்ணினான். "என்னடா பின்னாடி டம் டம்னு சத்தம்?" கீழே மாமா சுருதி பார்த்துக்கிட்டு இருந்தார். டி.வி.-ன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. அரைமணி நேரம் எல்லாத்தையும் சொன்னேன். மெஸ்ல சிரிச்சதையும் சேர்த்து. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "கொடைக்கு நாங்க வரலாமாடா?"ன்னான்.

வாங்கடான்னேன். முன்னெல்லாம் விடிய விடிய ஆட்டம் நடக்கும், இப்போ ராத்திரி பத்து மணிக்கு மைக் கட். அதனால சீக்கிரமே வந்து முன்னாடி இடம் பிடிக்கச் சொல்லியிருக்கேன். போனைப் பையில வச்சுட்டு அக்கா காலைப் பார்க்கணும்னும் சொல்லியிருக்கேன்.

இதை எழுதுறப்போ வலது கையில நாலு விரல் வீங்கியிருக்கு. மாமாவுக்கு இன்னும் பதில் சொல்லல. அவரும் கேட்கல. தினமும் சாயங்காலம் தறியிலிருந்து வந்ததும் ரெண்டு தவிலையும் எடுத்து வெளியில வைக்கிறார்.