பச்சிலைதானே!

"பச்சிலைதானே, என்ன செய்துவிடப் போகிறது?" என்று கேட்கிறார்கள். ஒன்றும் செய்யாது என்றால் அதை எதற்கு ஐயா கொதிக்க வைத்துக் குடிக்கிறீர்கள்?

நான் சொல்வது நிலவாகையைப் பற்றி. நிலாவாரை என்றும் சொல்வதுண்டு. ஆவாரைக்கு நெருங்கிய சொந்தம். அரபு வைத்தியர்கள் பெருமைப்படுத்திய மூலிகை. யூனானி வைத்தியர்களின் கைவழியாக வந்ததை ஆயுர்வேதம் ஸ்வர்ணபத்ரி என்று அழைத்து ஏற்றுக்கொண்டது. தென்பாண்டிச் சீமையின் வறண்ட காடுகளில் விளைந்து, தூத்துக்குடியில் கப்பலேறி, 'திருநெல்வேலி சென்னா' என்ற பெயரோடு மேல்நாட்டு மருந்து நூல்களில் இடம் பிடித்தது. அப்பேர்ப்பட்ட இலையை மட்டமாகப் பேச எனக்கு வாய் வராது. பேசுகிற நாகரிகக் கனவான்களுக்கும் ஒரு வார்த்தை: ஸ்விட்ஜர்லாந்து ரசாயனிகள் 1941இல் பிரித்தெடுத்த சென்னோசைடு இந்த இலையின் சத்துதான். உலக சுகாதார ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சென்னா இருக்கிறது.

என் சண்டை இலையோடு அல்ல, விற்கிறவர்களோடு. 'உடம்பு இளைக்க மூலிகைத் தேநீர்' என்று பொட்டலம் கட்டி, உள்ளே இந்த இலையைத் தூவி, 'பக்க விளைவே கிடையாது, தினம் இருவேளை குடி' என்கிறார்களே, அவர்களோடு.

இதன் சத்து பெருங்குடலுக்குப் போய், அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதை மாற்றிய பிறகுதான் வேலையைத் தொடங்குகிறது. குடலை முடுக்குகிறது, நீரை உறிஞ்ச விடாமல் தடுக்கிறது. பலன் தெரிய 6 முதல் 12 மணி நேரம் ஆகும். அதற்குள் நீங்கள் சாப்பிட்ட நெய் தோசையின் சத்தையெல்லாம் சிறுகுடல் உறிஞ்சி முடித்தாயிற்று! வெளியே போவது கொழுப்பு அல்ல, தண்ணீர். கூடவே பொட்டாசியம் என்கிற உப்பும் போகிறது. அது மிகவும் குறைந்தால் கைகால் தளரும்; இருதயத் துடிப்பே தடுமாறும். மாதக்கணக்கில் குடித்தால் பெருங்குடலின் உட்சுவர் கருத்துப் போவதும் உண்டு. குடல் அடைப்பு என்று தெரியாமல் வயிற்று வலிக்கு இதைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து.

இதெல்லாம் இங்கிலீஷ் வைத்தியர்கள் கட்டிவிட்ட கதை என்பார்கள். தேரையர் இங்கிலீஷ் படித்தவரா? நோய் அணுகாமல் இருக்க அவர் வகுத்த விதியில் பேதி மருந்து 4 மாதத்துக்கு ஒரு தடவை. இருவேளை அல்ல! என் பாட்டி பேதிக்குக் கொடுக்கும் நாளில் வீட்டில் ஒரு சடங்கே நடக்கும். வயிறு பிடித்து இழுக்காமல் இருக்க இலையோடு சுக்கும் ரோஜா மொட்டும் சேர்ப்பாள். அன்று முழுதும் ரசஞ்சோறுதான். பிள்ளைத்தாய்ச்சிக்கும் நோஞ்சான் குழந்தைக்கும் கிடையாது. மருந்து என்று அவள் அதற்குப் பயந்தாள். நாட்டு வைத்தியத்தின் பேரைச் சொல்லிச் சம்பாதிக்கிறவர்களுக்கு அந்தப் பயம் எங்கே போயிற்று?

இதே சத்து மாத்திரையாக வரும்போது எத்தனை மில்லிகிராம் என்று உறையில் அச்சடிக்கிறார்கள். டாக்டரைக் கேட்காமல் ஒரு வாரத்துக்கு மேல் சாப்பிடாதே என்பது மேல்நாடுகளில் அதற்குள்ள எச்சரிக்கை. தேநீர்ப் பொட்டலத்தின் மேலும் அதையே போடட்டும்: இதில் நிலவாகை இருக்கிறது, இவ்வளவு இருக்கிறது, இத்தனை நாளுக்கு மேல் கூடாது. தமிழில், கிழவிக்கும் கண் தெரிகிற எழுத்தில்.