குளத்திற்கு நீர் வந்தது. குடிகள் வருவது என்று?

கொங்கு நாட்டின் மேட்டு நிலங்கள் மழைமறைவு நிலங்கள். தென்மேற்குப் பருவக்காற்று சுமந்துவரும் நீரை மேற்கு மலைத்தொடர் தன் மேற்குச் சரிவிலேயே பெரிதும் பிழிந்துகொள்கின்றது. கிழக்கே அவிநாசி, அன்னூர், பெருந்துறைப் பகுதிகளுக்கு எஞ்சுவது வறண்ட காற்றே. அங்கு உழவென்பது குளத்தையும் கிணற்றையும் நம்பியது. குளம் நிறைந்தால் கிணறு ஊறும். குளம் வற்றினால் ஆயிரம் அடி துளைத்தாலும் புழுதியே எழும்.

அவிநாசியின் பழம்பெயர் திருப்புக்கொளியூர். முதலை விழுங்கிய சிறுவனை நம்பியாரூரர் பாடி மீட்டதாகத் திருத்தொண்டர் வரலாறு கூறுவது அவ்வூர்க் குளத்தில்தான். அந்நிகழ்ச்சியை நம்புவார் நம்புக, நம்பார் விடுக. முதலை வாழும் அளவிற்கு அங்கு நீர் நின்றதென நம் முன்னோர் எண்ணினர் என்பது மட்டும் தெளிவு. அத்தகைய ஊரைச் சூழ்ந்த குளங்களில்தான் பின்னாளில் சீமைக்கருவேல் மண்டிற்று.

இவ்வறட்சியைத் தீர்க்க எழுந்ததே அத்திக்கடவு - அவிநாசித் திட்டம். அத்திக்கடவு என்பது வானியாறு, இன்று பவானி எனப்படும் ஆறு, மலையினின்று இறங்கும் வழியில் பில்லூர்ப் பகுதியில் உள்ள ஓரிடம். வெள்ளக் காலத்தில் வீணே கழியும் மிகைநீரை அங்கிருந்து வாய்க்கால் வெட்டி, மேட்டினின்று பள்ளத்திற்கு இயல்பாக ஓடும் போக்கிலேயே கொணரலாம் என்பது உழவர்தம் பழைய வேண்டுகை. அவ்வேண்டுகைக்கு அகவை 60 ஆண்டுகளுக்கும் மேலாகும். தேர்தல்தோறும் உறுதிமொழி பெருகிற்று. குளம் மட்டும் பெருகவில்லை. 2016ஆம் ஆண்டில் அவிநாசியில் மக்கள் உண்ணாநோன்பிருந்த பின்னரே திட்டம் ஏட்டைவிட்டு அசையத் தொடங்கிற்று. 2019இல் ஓர் ஆட்சி அடிக்கல் நாட்டிற்று; 2024 ஆகத்து 17ஆம் நாள் மற்றோர் ஆட்சி திறந்துவைத்தது. 'எம்மால் வந்தது' என்று இரு சாராரும் முழங்கினர். பசித்துக் கிடந்த உழவனின் பெயரை முழங்குவார் எவருமிலர்.

நிறைவேறிய திட்டம் பழைய வேண்டுகையினின்று வேறுபட்டது. நீர் எடுக்கப்படுவது அத்திக்கடவில் அன்று. பவானி ஊருக்கு அண்மையில், காலிங்கராயன் அணைக்குக் கீழே தாழ்நிலத்தில்! பெயர் மட்டும் மலையிலேயே நின்றுவிட்டது. ஆண்டிற்கு 150 கோடி கன அடி மிகைநீரை, நொடிக்கு 250 கன அடியாக 70 நாள்களுக்கு, 6 நீரேற்று நிலையங்கள் மேட்டிற்கு ஏற்றுகின்றன. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட குழாய்கள் வழியே ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 ஏரி, குளம், குட்டைகளுக்கு அந்நீர் செல்ல, 24,468 குறுக்கம் (ஏக்கர்) நிலம் பயன்பெறும் என்பது திட்டம். செலவு ஏறத்தாழ உருபா 1,916 கோடி.

அதே இடத்தில் 13ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் கட்டிய அணையும் வெட்டிய வாய்க்காலும் இன்றும் பணிசெய்கின்றன. நிலத்தின் சரிவறிந்து, பாம்பென வளைந்து வளைந்து 56 கல் தொலைவு செல்லும் அவ்வாய்க்காலுக்கு மின்விசையும் வேண்டா, பொறியும் வேண்டா. ஆற்றைவிட உயர்ந்த அவிநாசி மேட்டிற்கு அவ்விடத்தினின்று நீர் செல்ல ஏற்றுப்பொறி இன்றியமையாதது என்பது உண்மையே; பொறியைப் பழிப்பதற்கில்லை. ஆயினும், காலிங்கராயன் நீர் சரிவை நம்பி ஓடுகின்றது. அத்திக்கடவு நீர் மின்விசையையும் ஆண்டுதோறும் அரசு ஒதுக்கும் பணத்தையும் அலுவலர் ஆணையையும் நம்பி ஓடுகின்றது. இவற்றுள் ஒன்று தவறினும் ஓராண்டு உழவு வீழும். ஆகலின் இத்திட்டத்திற்குக் காவல் வேண்டும். அக்காவல் எவருடையது?

உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் முதற் பராந்தகன் காலத்தவை. 919, 921 ஆண்டுகளில் பொறிக்கப்பெற்றவை. அவ்வூர் பார்ப்பனர்க்கு ஈந்த ஊரே. ஆயினும் அங்கு ஏரிக்கென்றே இருந்த குழுவின் பெயர், 'ஏரி வாரியம்' எனத் தமிழாகவே கல்லில் நிற்கின்றது. வாரியத்தார் பொறுப்பு 360 நாள்கள். கணக்குக் காட்டாது போனவர் மீண்டும் பொறுப்பேற்க இயலாது. அவர்தம் உறவினரும் இயலாது. நீரைக் காத்தவர் ஊரார்க்கு விடைசொல்லக் கடமைப்பட்டிருந்தனர்.

பின்னர் நேர்ந்ததைச் சொல்லே காட்டும். ஊரார் ஒன்றுகூடிக் குளத்தைத் தூர்வாரிய பொதுவுழைப்பிற்குக் 'குடிமராமத்து' என்று பெயர் வந்தது. 'மராமத்து' அரபுச் சொல். 'குடி' மட்டுமே நம்முடையது. 1858இல் ஆங்கிலர் இயற்றிய கட்டாய உழைப்புச் சட்டம் அவ்வழக்கத்தைத் தண்டத்திற்கு அஞ்சிச் செய்யும் வேலையாக்கிற்று. 2017இல் தமிழக அரசு அதே பெயரில் திட்டமொன்றை மீண்டும் தொடங்கிற்று. பணம் வந்தது, பலகை வந்தது, பழைய கலப்புப் பெயரும் வந்தது. 'குடிச்செப்பம்' என்று தமிழில் வழங்கியிருப்பின் யார்க்கு என்ன இழப்பு? பெயரில் குடியைக் காட்டிச் செயலில் குடியை விலக்கியதே பேரிழப்பு.

இனிச் செய்யத் தக்கன இவை. நீர் பெறும் ஒவ்வொரு குளத்திற்கும், நிலமுடையாரும் நிலமற்ற கூலியுழவரும் மகளிரும் ஒருங்கமர்ந்த குளக்குழு வேண்டும். எந்நாளில் எவ்வளவு நீர் வந்தது என்பதைக் குளக்கரையிலேயே தமிழில் எழுதிவைத்தல் வேண்டும். வரத்து வாய்க்காலையும் குளத்துள் வளைக்கப்பட்ட நிலத்தையும் அக்குழு முன்னின்று மீட்டல் வேண்டும். விடுபட்ட குளங்களையும் இணைக்குமாறு எழும் குரலுக்கு அரசு செவிசாய்த்தல் வேண்டும். அதற்கும் அறுபதாண்டு கடத்துதல் கூடாது.

குழாய் நீர் தரும், குளத்தைக் காவாது. காக்க வேண்டியவர் கரையில் வாழும் குடிகள். ஆட்சிகள் மாறும், அலுவலர் மாறுவர், கரையில் இருப்பவர் மாறார். அவர்கையில் மதகு இருக்கட்டும்!