கானுக்குப் பூசிய சாயம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஸ்டார் ட்ரெக் பைத்தியம். 1966 செப்டம்பரில் தொடங்கி, மூன்று சீசன், 79 எபிசோடோடு 1969-ல் நின்றுபோன பழைய தொடர். நம் குடியரசைவிட ஒரு வயது இளையது. அட்டைச் சுவர், பொம்மைப் பாறை, ரப்பர் பல்லி எல்லாம் தெரிந்தேதான் பிடிக்கும். ஆகவே இது வெளியாளின் குற்றப்பத்திரிகை இல்லை, வீட்டுக்குள்ளே நடக்கும் சண்டை.

இந்த ஜூன் விடுமுறையில் புக்கிட் பாஞ்சாங் வீட்டில் அக்கா மகளை உட்காரவைத்து முதலிலிருந்து ஓட்டினேன். அவளுக்குப் பதினொரு வயது. ஒரு நாளைக்கு இரண்டு எபிசோட். ஸ்பாக்கின் காதைப் பார்த்துச் சிரித்தாள், கர்க் சட்டை கிழியும்போதெல்லாம் எண்ணினாள். பிறகு 'ஸ்பேஸ் சீட்' வந்தது. 1967 பிப்ரவரியில் முதலில் ஒளிபரப்பானது. இருநூறு வருடம் உறைநிலையில் தூங்கிய சர்வாதிகாரி கான் நூனியன் சிங் கண் விழிக்கிறான். வட இந்தியன், அநேகமாகச் சீக்கியன் என்று கப்பலின் வரலாற்றாளர் ஊகிக்கிறாள். தாடி இல்லை, தலைப்பாகை இல்லை.

"மாமா, இவரு நெஜமாவே இந்தியரா? மூஞ்சில ஏன் பெயிண்ட் அடிச்சமாதிரி இருக்கு?"

"அந்தக் காலத்துல அப்படித்தாம்மா" என்றேன்.

அந்தப் பதிலைத் திரும்பப் பெறவே இதை எழுதுகிறேன். எங்கள் பேட்டை எல்ஆர்டி ரயில் புளோக்குகளை ஒட்டிப் போகும்போது ஜன்னல் கண்ணாடி தானாக மங்கிவிடும், வீட்டுக்குள் யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது என்பதற்காக. ரசிகர்கள் எல்லோரிடமும் அப்படி ஒரு கண்ணாடி இருக்கிறது. சங்கடமான இடம் வந்தால் மங்கிவிடும். "அந்தக் காலம் அப்படி" என்பது அதன் சுவிட்ச்.

அந்தக் காலம் எப்படி? அதே தொடரில், அதே வருடத்தில், உஹுராவாகக் கறுப்பினப் பெண் நிஷெல் நிக்கோல்ஸ் உட்கார்ந்திருந்தார். சுலுவாக ஜார்ஜ் டக்கேய். அந்தப் பெயரே பிலிப்பீன்ஸுக்கும் போர்னியோவுக்கும் நடுவிலுள்ள சுலு கடலிலிருந்து வந்தது, ஆசியா முழுவதுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று. தொடரைவிட்டு விலக நினைத்த நிக்கோல்ஸைத் தடுத்தவர் மார்ட்டின் லூதர் கிங். இந்தக் கதையை நாம் நற்சான்றிதழ் மாதிரி எல்லா இடத்திலும் நீட்டுகிறோம். அப்படியானால் அவர்களுக்கு விஷயம் புரிந்திருந்தது. நிஜ மனிதரைத் தேடி உட்காரவைக்கத் தெரிந்திருந்தது. இந்தியர் என்று வந்தபோது மட்டும் சாயப் பெட்டியைத் திறந்தார்கள். ஒரே வருடத்தில் பெருமையை அவர்களுக்கும் பழியைக் காலத்துக்கும் எழுதினால் அதென்ன கணக்கு?

"ரிக்கார்டோ மாண்டல்பான் பிரமாதமா நடிச்சாரே" என்பீர்கள். நடித்தார், நானும் கைதட்டுவேன். மெக்சிகோவில் பிறந்தவர். தன் இனத்தை ஹாலிவுட் காட்டும் விதம் பொறுக்காமல் 1970-ல் 'நோசோத்ரோஸ்' என்ற அமைப்பையே தொடங்கியவர். பிரச்சினை அவர் நடிப்பில் இல்லை, யாரை அழைக்கவே இல்லை என்பதில்தான். 1979-ல் வந்த முதல் ஸ்டார் ட்ரெக் படத்தில் பம்பாயிலிருந்து போன பெர்சிஸ் கம்பட்டா நடித்தார். என்ன வேடம்? தலையை மழித்து, வேற்றுக்கிரகப் பெண். இந்தியன் பாத்திரத்துக்கு மெக்சிக்கர், நிஜ இந்தியர் வந்தால் வேற்றுக்கிரகம். 2013-ல் அதே கானாக வெள்ளைக்கார பெனடிக்ட் கம்பர்பேட்ச் வந்தார். இந்த முறை சாயத்துக்குக்கூடச் செலவில்லை.

2006-ல் பழைய எபிசோடுகளைப் புதுப்பிக்கத் தொடங்கினார்கள். கப்பலுக்கும் கிரகங்களுக்கும் புது கணினி வரைகலை. முகச்சாயம் அப்படியேதான் இருக்கிறது. இருக்கட்டும், அதைத் துடைக்கச் சொல்லவில்லை. துடைத்துவிட்டால் கேள்வியும் போய்விடும். எபிசோடைப் பெட்டியில் பூட்டவும் சொல்லவில்லை. எனக்குப் பிடித்த எபிசோட் அது, இப்போதும்.

சரி, இதெல்லாம் அமெரிக்கக் கதை என்று தள்ளலாமா? 2019 ஜூலையில் இங்கே ஒரு மின்கட்டண விளம்பரம் வந்தது. ஒரே சீன நடிகர் நான்கு வேடத்தில். அதில் ஒன்று தோலைக் கறுக்கவைத்து, 'கே. முத்துசாமி' என்று பெயர் அட்டை மாட்டிய இந்தியர். கான் வந்து 52 வருடம் கழித்து! முத்துசாமிகளே நடமாடும் ஊரில்! மன்னிப்புக் கேட்டார்கள். கோபத்தில் கெட்டவார்த்தையோடு ராப் வீடியோ போட்ட அண்ணன் தங்கைக்கு 24 மாத நிபந்தனை எச்சரிக்கை கிடைத்தது. அந்த வீடியோவின் மொழி பற்றி நாம் மாதக்கணக்கில் பேசினோம். சாயத்தைப் பற்றி எத்தனை நாள் பேசினோம்?

எனக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. தொடக்கப்பள்ளியில் ஓர் இன நல்லிணக்க நாள். மேடையில் கன்னத்தில் பழுப்புச் சாயம் தேய்த்து, தலையை ஆட்டி ஆட்டி 'இந்தியராக' ஒரு பையன் நடித்தான். அரங்கமே சிரித்தது. நானும் கைதட்டினேன். வகுப்பில் இரண்டே தமிழ்ப் பிள்ளைகள்தான், தட்டாவிட்டால் தெரிந்துவிடும். "அந்தக் காலம் அப்படி" என்று நான் முதலில் மன்னித்தது என்னைத்தான்.

இப்போது நம் பக்கம் திரும்புவோம், ஏனென்றால் நாம் மட்டும் யோக்கியமில்லை. 2015-ல் 'பாகுபலி' வந்தது. காலகேயர்களுக்காக மதன் கார்க்கி உருவாக்கிய கிளிக்கி மொழியை 'நம்ம ஊர் கிளிங்கான்' என்று கொண்டாடினோம். நானும்தான். அந்த மொழியைப் பேசுகிறவர்கள் யார்? உடம்பெல்லாம் கரி பூசிய காட்டுமிராண்டிக் கூட்டம். நாயகர்கள் ஏன் வெளுப்பு, எதிரிகள் ஏன் கரி என்று அந்த வருடம் நான் கேட்கவில்லை. பழைய ஸ்டார் ட்ரெக்கின் கிளிங்கான்களும் பழுப்பு பூசிய வெள்ளைக்காரர்களே. ஒப்பீடு நாம் நினைத்ததைவிடக் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. கானுக்காகக் கொதிக்கும் தமிழ் ரசிகர் காலகேயருக்கும் கொஞ்சம் கொதிக்கலாம்.

"டிவி சீரியலுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா, இலக்கியமா பேசுங்க" என்கிற நண்பர்களும் இருக்கிறார்கள். ஐயா, என் அக்கா மகள் தன் தோலைப் பற்றி முதல் கேள்வி கேட்டது நாவல் படித்து இல்லை, இந்த சீரியல் பார்த்து. அதற்குப் பதில் சொல்ல விமரிசனம் வராது என்றால், அது வேறு எதற்கு?

மறுநாள் அவளிடம் சொன்னேன். "நேத்து மாமா சொன்னது தப்பு. அப்பவும் நடிக்க இந்தியர்கள் இருந்தாங்க. இவங்க கூப்பிடல." கொஞ்சம் யோசித்தாள். "அப்ப ஏன் உங்களுக்கு இது புடிக்குது?" என்றாள். புடிச்சதாலதான் திட்டுறேன் என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை. ஆனால் அடுத்த எபிசோடைப் போடச் சொன்னாள்.

இன்னும் மூன்று தாண்டினால் 'எர்ரண்ட் ஆஃப் மெர்சி'. கிளிங்கான்கள் முதன்முதலாக வருவார்கள். கேள்வியும் வரும். இந்த முறை சமாளிப்பாகப் பதில் சொல்லமாட்டேன்.