தீவுகளின் மின்சாரம்: பேசப்படாத பற்றரி

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மின்திட்டம் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி சீனாவா, இந்தியாவா என்ற கேள்வியோடு முடிந்துவிடுகிறது. 2021 ஜனவரியில் சீனக் கம்பனிக்கு அமைச்சரவை அனுமதி, டில்லியின் எதிர்ப்பு, ஆண்டிறுதியில் சீனாவின் இடைநிறுத்த அறிவிப்பு, 2024 மார்ச்சில் 11 மில்லியன் டொலர் இந்திய நன்கொடையில் புதிய ஒப்பந்தம். ஊடகங்களுக்கு இது நல்ல கதைதான்.

ஆனால் திட்டத்தின் உயிர் 530 கிலோவாற் காற்றாலையிலோ 1,700 கிலோவாற் சூரியத் தகடுகளிலோ இல்லை, அறிவிக்கப்பட்ட 2,400 கிலோவாற் மணி பற்றரியிலேயே இருக்கிறது என நான் நினைக்கிறேன். காற்றும் விழுந்துவிட்ட இரவில் டீசல் இயந்திரத்தை இயக்காமல் வைத்திருக்கக்கூடியது அது மட்டும்தான்.

பற்றரி தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட சனம் நாங்கள். அதன் அருமையை எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் லித்தியம் பற்றரிகள் எல்லாம் ஒன்றல்ல. இன்று மின்சாரத்தைச் சேமிக்கப் பரவலாகப் பயன்படும் இரும்பு பொஸ்பேற் வகையை 1997இல் ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் குடினஃப் குழுவினர் அறிமுகப்படுத்தினார்கள். நிக்கலும் கோபால்ட்டும் வேண்டாம், விலை குறைவு, மற்ற வகைகளைப்போல இலகுவில் தீப்பற்றாது. ஆனால் அந்தப் பொருள் மின்சாரத்தை மிக மோசமாகவே கடத்தும். லித்தியம் அயன்களும் பளிங்குக்குள் ஒடுங்கிய ஒற்றையடிப்பாதையால்தான் போய்வர வேண்டும். இடையில் அடைபட்டால் அப்பாலுள்ள பகுதி வீண். துணிக்கைகளைத் தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்திலொரு பங்குக்கு, அதாவது ஏறத்தாழ 100 நனோமீற்றருக்குச் சிறிதாக்கி, மேலே மெல்லிய காபன் பூசிய பிறகே அது வேலைக்கு ஆனது. பாதை குறுகியது, வேகம் வந்தது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. துணிக்கை சிறுக்கச் சிறுக்க மொத்த மேற்பரப்பு கூடும். பற்றரியின் உள்ளிருக்கும் திரவத்தோடு வேண்டாத தாக்கங்களும் கூடும். வெப்பம் அதை இன்னும் விரைவாக்கும். தீவகத்தின் உப்புக்காற்று இணைப்புகளை அரிக்கும். ஆகவே பற்றரியின் ஆயுள் தொழிற்சாலையில் மட்டுமல்ல, அது வைக்கப்படும் அறையின் குளிரூட்டலிலும் பராமரிப்பிலும் தங்கியிருக்கிறது.

வருவது எந்த வகை? எத்தனை தடவை சார்ஜ் ஏற்றி இறக்கலாம் என்ற உத்தரவாதம் உண்டு? கொள்ளளவு குறைந்தபின் மாற்றும் செலவு யாருடையது? பராமரிப்புக்குத் தீவுப் பிள்ளைகள் பயிற்றப்படுவார்களா? நெடுந்தீவு, வேலணை, ஊர்காவற்றுறைப் பிரதேச சபைகளில் இந்தக் கேள்விகள் எழ வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உரிய அரச நிறுவனத்திடம் எந்தப் பிரஜையும் இவற்றைத் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம்.