மைனஸ் ஏறும் வயது

கண் டாக்டரிடம் போய்வந்த வீட்டில் முதலில் எழும் கேள்வி, "பவர் எவ்வளவு ஏறியிருக்கு?" என்பதுதான். மைனஸ் ஒன்றரை இரண்டே காலாகியிருந்தால் வீடே சோர்ந்துபோகும். டிவியை அணைப்பார்கள், செல்போனைப் பிடுங்கி பீரோவில் வைப்பார்கள், கேரட் வாங்குவார்கள். புதுக் கண்ணாடி வந்து பிள்ளைக்குக் கரும்பலகை பளிச்சென்று தெரிந்ததும் விஷயம் மறந்துபோகும். அடுத்த வருடம் மறுபடி.

பவர் என்பது கண்ணாடியின் கணக்கு. கண்ணில் நடப்பது வேறு. பிறந்த குழந்தையின் விழிக்கோளம் முன்னிருந்து பின்வரை ஏறக்குறைய 17 மில்லிமீட்டர். வளர்ந்தவர்களுக்கு 24-ஐ ஒட்டி நின்றுவிடும். கிட்டப்பார்வைப் பிள்ளைகளுக்கு அது நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் நீண்டுகொண்டே போகிறது. வெளிச்சம் விழித்திரையைத் தொடும் முன்பே குவிந்துவிடுவதால் தூரத்துப் பொருள் மங்குகிறது. தீபாவளிக்குத் தீபாவளி பெரிய சட்டை எடுப்பது போல நாமும் கண்ணாடியை மாற்றுகிறோம். சட்டையை மாற்றி யார் வளர்த்தியை நிறுத்தினார்கள்?

சோடாபுட்டிக் கண்ணாடி என்று கேலி செய்வதோடு போகிற விஷயமில்லை இது. நீண்ட கண்ணில் விழித்திரை இழுபட்டு மெலிகிறது. அது பிய்ந்து விலகுவதும், அதன் நடுப்பகுதி சிதைவதும், கண் அழுத்த நோயும் பிற்பாடு வருகிற வாய்ப்பு கூடுகிறது. மார்க் புல்லிமோர், நோயல் பிரென்னன் என்ற இரு ஆய்வாளர்கள் 2019-இல் போட்ட கணக்குப்படி, ஏறும் பவரில் ஒரே ஒரு டயாப்டரை (பவரை அளக்கும் அலகு) தவிர்த்தாலும் விழித்திரை நடுப்பகுதி சிதையும் வாய்ப்பு 40 சதவீதம் குறையும்.

என் தங்கை மகளுக்கு ஒன்பது வயது. பவர் ஏறும் வேகத்தைப் பார்த்த டாக்டர், கிட்டப்பார்வையை மட்டுப்படுத்தும் மென்மையான கான்டாக்ட் லென்ஸ் போடலாம் என்றிருக்கிறார். கல்யாண ரிசப்ஷனுக்குக் கண்ணாடி வேண்டாம் என்கிற பெண்கள் போடுவது லென்ஸ் என்பதுதான் எங்கள் வீட்டு அறிவு. "அக்கா, நீதான் பத்திரிகையில எழுதுறியே, என்னன்னு படிச்சுச் சொல்லு" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டாள்.

படிக்கப்போனால் கதை கோழிக்குஞ்சில் ஆரம்பிக்கிறது. ஜோஷ் வால்மன் போன்ற ஆய்வாளர்கள் குஞ்சுகளின் கண்முன் லென்ஸைப் பொருத்திப் பார்த்தார்கள். பிம்பம் விழித்திரைக்குப் பின்னால் விழும்படி செய்தால் சில நாட்களிலேயே கண் அதைத் துரத்திக்கொண்டு நீண்டது. முன்னால் விழச் செய்தால் வளர்ச்சி தணிந்தது. மூளைக்குப் போகும் பார்வை நரம்பைத் துண்டித்த பிறகும் இது நடந்தது! கண்ணின் நீளத்தை விழித்திரையே முடிவு செய்கிறது என்பது எனக்கு இன்றுவரை நம்ப முடியாத விஷயமாக இருக்கிறது.

சாதாரணக் கண்ணாடி நடுப்பார்வையைச் சரியாக்குகிறது. ஆனால் ஓரங்களில் பிம்பம் விழித்திரைக்குப் பின்னால் போய் விழலாம். 'இன்னும் நீளு' என்று கண்ணுக்குச் சொல்வது இதுவாக இருக்கலாம் என்கிறார்கள். புது லென்ஸில் நடுவட்டம் தூரத்தைக் காட்டும். அதைச் சுற்றியுள்ள வளையங்களில் கூடுதல் பிளஸ் பவர் வைத்து வெளிச்சத்தில் ஒரு பங்கை விழித்திரைக்கு முன்னாலேயே குவித்துவிடுகிறார்கள். குழந்தை தெளிவாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணுக்கு 'போதும்' என்ற சேதி போகிறது.

இதில் ஒரு வேடிக்கை. அமெரிக்க அரசின் தேசியக் கண் நிறுவனம் நிதி கொடுத்த 'பிளிங்க்' ஆய்வில் 7 முதல் 11 வயதுவரையுள்ள 294 பிள்ளைகளுக்குக் கொடுத்தது, வெள்ளெழுத்து வந்த நாற்பது வயதுக்காரர்களுக்காகச் செய்த மல்டிஃபோக்கல் லென்ஸை. கூடுதல் பவர் அதிகமாக இருந்த லென்ஸைப் போட்டவர்களுக்கு மூன்று ஆண்டில் ஏறியது 0.60 டயாப்டர். சாதாரண லென்ஸ்காரர்களுக்கு 1.05. நடுத்தரக் கூடுதல் பவர் சொல்லும்படியாக உதவவில்லை. ஆகவே ஏதோ ஒரு மல்டிஃபோக்கல் போதும் என்று கடையில் கேட்டு வாங்குகிற சமாசாரமில்லை.

பிள்ளைகளுக்கென்றே வந்தது 'மைசைட்'. 2019 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது. இந்த வேலைக்கென்று அங்கே அனுமதி பெற்ற முதல் லென்ஸ் இது. தொடங்கும்போது வயது 8 முதல் 12 வரை இருக்க வேண்டும். சிங்கப்பூர், கனடா, இங்கிலாந்து, போர்ச்சுகல் பிள்ளைகளிடம் மூன்றாண்டு சோதித்ததில் பவர் ஏறுவது 59 சதவீதம் குறைந்தது என்பது விளம்பரத்துக்கு ஏற்ற எண். என் தங்கைக்கு நான் சொன்னது இன்னொன்று: சாதாரண லென்ஸில் 1.24 டயாப்டர் ஏறியது, இதில் 0.51. கண் 0.62 மில்லிமீட்டருக்குப் பதிலாக 0.30 நீண்டது. சோதனைக்குச் செலவழித்தது தயாரித்த கம்பெனிதான், அதையும் சொன்னேன். மூன்று வருட உழைப்புக்கு முக்கால் டயாப்டர் மிச்சம். மேலே சொன்ன 40 சதவீதக் கணக்கு தெரிந்தவர்களுக்கு அது சிறிய தொகையில்லை. ஆனால் ஏறிய பவர் இறங்காது. கண்ணாடியைத் தூக்கிப் போடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே என்றேன்.

வெயிலில் விளையாடவிட்டால் போதாதா என்று கேட்டாள். சீனாவின் குவாங்சோவில் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் தினம் 40 நிமிடம் வெளி வகுப்பு கூட்டியதில், மூன்று ஆண்டில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம்; கூட்டாத பள்ளிகளில் 39.5. வராமல் தள்ளிப்போட வெயில் நல்ல மருந்து. வந்தபின் அதன் பலம் அவ்வளவு இல்லை. தங்கை மகளுக்குத் தம்பி இருக்கிறான், அவனை மொட்டை மாடிக்கு விரட்டலாம்.

எனக்குப் பயம் பவரில் இல்லை, தண்ணீரில். மைசைட் ஒரு நாள் போட்டு எறிகிற லென்ஸ் என்பதால் கழுவி வைக்கும் தொல்லை கிடையாது. இரு கண்ணுக்குமாக வருடத்துக்கு 730 லென்ஸ், அந்தச் செலவு தனிக் கதை. வாரம் ஆறு நாளாவது, நாளுக்குப் பத்து மணி நேரமாவது போட வேண்டும். ஆனால் குழாய்த் தண்ணீர் பட்ட லென்ஸ் கண்ணுக்குள் போகக் கூடாது. தண்ணீரில் வாழும் அகந்தமீபா என்ற கிருமி கருவிழியைத் தாக்கினால் பார்வையே போகலாம். லாரித் தண்ணீரைத் தொட்டியில் ஏற்றிக் குடியிருக்கிற ஊரில் இதைப் பத்து தடவை சொல்லலாம். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த கையால்தான் தொட வேண்டும். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் முடிந்த பிறகே லென்ஸ். நீச்சலிலும் தூக்கத்திலும் கழற்றியாக வேண்டும். கண் சிவந்தாலோ வலித்தாலோ உடனே கழற்றிவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும். ஒழுங்காகப் போடும் 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குத் தொற்று பெரியவர்களைவிட அதிகம் வருவதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன.

"கண்ணுக்குள்ள விரல விடுறதா? அதுவும் மிளகாப்பொடி தொட்ட கையால?" என்றாள் அம்மா. பேத்தி அசரவில்லை. "பாட்டி, நான் எங்க மிளகாப்பொடி தொடுறேன், நீதான தொடுற" என்றாள்.

டாக்டரிடம் ஒரு கேள்வி எழுதிக் கொடுத்தனுப்பினேன்: விழியின் நீளம் இப்போது எவ்வளவு, ஆறு மாதத்துக்கொரு முறை அளப்பீர்களா? அளந்திருக்கிறார்கள், 24.3. அரையாண்டு லீவில் தொடங்குவதாக முடிவாகியிருக்கிறது. லென்ஸ் கிழியாமல் இருக்க நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டுமே, அந்தப் பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டாள். செவ்வாய், வெள்ளி மட்டும் வெட்ட மாட்டாளாம்.