குறி வைக்கிற கருவியில் வேடிக்கை பார்க்காதீங்க

சுகர், பிரஷர்னு எழுதுற ஆள் திடீர்னு துப்பாக்கி பத்தி எழுதுறானேன்னு யோசிக்காதீங்க. காரணம் இருக்கு.

டெக்சாஸில் வேலை பார்க்கும் என் நண்பன் ஒருவன் இந்த வசந்த காலத்தில் காட்டு வான்கோழி வேட்டைக்குப் போகிறான். முறைப்படி லைசென்ஸ் எடுத்தாச்சு, 12 கேஜ் ஷாட்கன் வாங்கியாச்சு. "குறி பார்க்க என்ன மாட்டலாம்? பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்பா, ரெட் டாட்டா?" என்று கேட்டான். அவனுக்கு வாட்ஸ்அப்பில் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். இது முழுக்க அமெரிக்கக் கதை. இதைப் படிச்சுட்டு யாரும் காட்டுப்பக்கம் கிளம்பிடாதீங்க.

நம்ம ஊர்ல வான்கோழின்னா பண்ணையில் அசைந்து அசைந்து நடக்கும் பறவை. அங்கே காட்டில் இருப்பது வேற லெவல். கண் பார்வை படு கூர்மை. லேசா கை அசைந்தாலும் ஓடிவிடும். அதனால் வேட்டைக்காரர் தலை முதல் கால் வரை இலை நிற உடுப்பு போட்டு, மரத்தில் முதுகு சாய்த்து உட்கார்ந்து, பெட்டைக் கோழி மாதிரி சத்தம் கொடுப்பார். சேவல் அதைக் கேட்டு வரும். வசந்த காலத்தில் பெரும்பாலும் சேவலைச் சுடத்தான் அனுமதி.

சுட வேண்டியது தலையையும் கழுத்தையும் மட்டும். உடம்பில் தடித்த இறகு, அதுக்குள்ள கனமான நெஞ்சுத் தசை. அங்கே பட்டால் பறவை பறந்து போய் எங்கோ புதரில் கிடந்து சாகும். மூளையிலோ கழுத்துத் தண்டுவடத்திலோ சில உருண்டைகள் பாய்ந்தால் அந்த நொடியே முடிந்தது. இலக்கு அவ்வளவு சின்னது. அதனால்தான் இந்த வேட்டைக்குத் துப்பாக்கியைத் தனியாகத் தயார் செய்கிறார்கள்.

ஷாட்கன் ஒற்றைக் குண்டு சுடுவதில்லை. நம்மூரில் பால்ரஸ் என்கிறோமே, அந்த மாதிரி நூற்றுக்கணக்கான சிறு உருண்டைகள் ஒரே நேரத்தில் போகும். குழல் முனையில் திருகும் 'சோக்' என்ற குறுகலான குழாய், அவை சீக்கிரம் சிதறாமல் பார்த்துக்கொள்ளும். வான்கோழிக்கு என்றே மிக இறுக்கமான சோக் விற்கிறார்கள். உருண்டையும் மாறிவிட்டது. ஈயத்தின் அடர்த்தி சுமார் 11. இப்போது வரும் டங்ஸ்டன் உருண்டைக்கு 18. அதனால் பொடி உருண்டையே ஆழமாகப் பாயும். ஒரு அவுன்ஸில் 5-ம் நம்பர் ஈயம் சுமார் 170 இருக்கும், 9-ம் நம்பர் டங்ஸ்டன் சுமார் 360.

இங்கேதான் ஒரு சிக்கல். சிதறல் அகலமாக இருந்தவரை, துப்பாக்கி ஒரு சாண் இடப்பக்கம் தள்ளிச் சுட்டாலும் யாருக்கும் தெரியாது. இறுக்கமான சோக் போட்ட பிறகு, கிட்டத்தில் வரும் பறவைக்கு மொத்த உருண்டையும் ஒரு கைப்பிடி அளவில்தான் போகும். கொஞ்சம் தள்ளினாலும் முழுசா மிஸ். ஆக, குழல் முனையில் இருக்கும் ஒற்றை மணி போதாது. சரி செய்யக்கூடிய குறிக்கருவி வேணும். இதுவரை கடைக்காரர் சொல்வது சரி.

ஆனா எந்தக் கருவி? என் கருத்து, ஸ்கோப் வேண்டவே வேண்டாம்.

காரணம் ரொம்ப எளிது. ஸ்கோப் பெரிதாக்கிக் காட்டும். தூரத்தில் புதர் அசைகிறது. என்னன்னு பார்க்கணும். கையில் பெரிதாக்கும் கண்ணாடி இருக்கு, அது துப்பாக்கி மேல இருக்கு. அதைத் தூக்கிப் பார்த்தால், அங்கே இருப்பது மனுஷனாக இருந்தால், அவன் நெஞ்சுக்கு நேராகத் தோட்டா ஏற்றிய குழலை நீட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். அதுக்கப்புறம் பாக்கி இருப்பது ஒரு விரல் அசைவு. அந்த விரலோ ஒரு மணி நேரமா சேவல் சத்தம் கேட்டுப் படபடத்துக்கொண்டிருக்கிற ஆளின் விரல்.

இன்னொரு விஷயமும் உண்டு. மனித மூளை எதிர்பார்ப்பதைத்தான் பார்க்கும். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவைத் தேடுகிற கண், பக்கத்தில் இருக்கும் நுரையீரல் கட்டியை விட்டுவிடும். மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு இதைத் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக் கொடுப்பார்கள். வான்கோழிச் சேவலின் தலை சிவப்பு, வெள்ளை, நீலம். காட்டில் சிவப்பாக ஒரு துளி தெரிந்தால், சேவலையே நினைத்துக்கொண்டிருக்கும் மூளை மிச்சத்தைத் தானே வரைந்துகொள்ளும். அதனால்தான் அமெரிக்க வேட்டைப் பயிற்சி வகுப்புகளில் இந்த மூணு நிறத்தையும் உடம்பில் எங்கேயும் போடாதே என்கிறார்கள், கைக்குட்டை, சாக்ஸ் உட்பட.

எதிரில் இருப்பவனும் இலை நிற உடுப்பில் பெட்டைக் கோழி சத்தம் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இந்த வேட்டை முழுவதும் ஏமாற்று வித்தைதான். அதில் மனுஷனும் ஏமாறுகிறான்.

டிக் செனி கதை ஞாபகம் இருக்கா? 2006 பிப்ரவரி, அதே டெக்சாஸ். அப்போதைய அமெரிக்கத் துணை அதிபர். வான்கோழி இல்லை, காடை வேட்டை. பறந்த காடையைத் தொடர்ந்து துப்பாக்கியைத் திருப்பிச் சுட்டதில் கூட வந்த 78 வயது வழக்கறிஞர் ஹாரி விட்டிங்டனின் முகம், கழுத்து, நெஞ்சு எல்லாம் உருண்டை. ஒன்று இதயம் வரை போய், சில நாளில் லேசான மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார். கவனிங்க, அது 28 கேஜ், சின்ன வகைத் துப்பாக்கி. அதிகாரப்பூர்வ அறிக்கைப்படி தூரம் 30 கஜம். அதைவிடப் பெரிய தோட்டாவை, இறுக்கமான சோக் வழியாக, ஒரே இடத்தில் குவித்து அனுப்பும் துப்பாக்கியைப் பத்தித்தான் நாம பேசிட்டிருக்கோம்.

சரி, என்னதான் மாட்டுவது? பெரிதாக்காத ரெட் டாட். பார்ப்பதற்குக் கழுத்தில் தனியாக ஒரு பைனாகுலர். பார்க்கும் கருவி கழுத்தில், குறி வைக்கும் கருவி துப்பாக்கியில்.

ரெட் டாட்டுக்கு நான் ஓட்டுப் போட மருத்துவக் காரணமும் உண்டு. 40 வயசு தாண்டினால் கிட்டப் பொருள் மங்கும், வெள்ளெழுத்து. முன் மணி, பின் குறி, பறவை என்று மூன்று தூரத்துக்கும் கண் மாறி மாறி ஃபோகஸ் செய்ய முடியாது. ரெட் டாட்டின் சிவப்புப் புள்ளி தூரத்தில் இருப்பது போலவே தெரியும். பறவையைப் பார்த்தாலே போதும், புள்ளி அதன் மேல் உட்காரும். இரண்டு கண்ணையும் திறந்து வைக்கலாம். சுற்றி என்ன இருக்குன்னும் தெரியும்.

புள்ளி வட்டமாக இல்லாமல் வால் முளைத்த மாதிரி தெரிகிறதா? கடையில் சண்டை போடும் முன் போன் கேமராவை அதில் வைத்து ஒரு போட்டோ எடுங்க. போட்டோவில் வட்டமாக இருந்தால் கோளாறு கருவியில் இல்லை. உங்க கண்ணில் ஆஸ்டிக்மாடிசம் இருக்கலாம், கண் டாக்டரைப் பாருங்க. வெளிச்சத்தையும் குறைத்து வைக்கணும். விடியற்காலை மங்கலில் பளீர் என்று வைத்தால் புள்ளியே தலையை மறைத்துவிடும்.

மாட்டியதோடு வேலை முடியலை. சுட்டுப் பார்க்கணும், காகிதத்தில். மூணு நாலு அடி அகலக் காகிதம், நடுவில் ஒரு குறி. முதலில் 20 கஜத்தில் விலை குறைந்த, உதைப்பு குறைந்த தோட்டாவால் புள்ளியை ஏறக்குறைய நேராக்கணும். பிறகு வேட்டைக்குக் கொண்டுபோகும் அதே தோட்டா, அதே சோக்கோடு 40 கஜம். கிரிக்கெட் பிட்ச் 22 கஜம். அதில் இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. உருண்டைகள் விழுந்ததன் நடுப்புள்ளியைச் சுற்றி 10 அங்குல வட்டம் போட்டு எண்ணணும். உள்ளே 100 உருண்டை இருந்தால் நல்லது என்பது வேட்டைக்காரர்களின் பொதுக் கணக்கு. அந்த நடுப்புள்ளி குறியை விட்டுத் தள்ளியிருந்தால், ரெட் டாட்டைத் திருகி நேராக்கணும். தோட்டா பிராண்ட் மாற்றினால் முதலில் இருந்து தொடங்கணும். திருகாணி உதைப்பில் கழலும். இறுக்கிவிட்டு மேலே ஒரு பெயிண்ட் கோடு போட்டால் நகர்ந்ததா என்று தெரியும்.

மேஜையில் வைத்து மட்டும் சுடாதீங்க. வேட்டையில் உட்காருவது போலவே தரையில் உட்கார்ந்து, முழங்காலில் குழலைத் தாங்கியும் சுட்டுப் பார்க்கணும். ஒற்றை மணித் துப்பாக்கியில் கன்னம் கட்டையை விட்டு எழும்பினால் குறி மேலே போகும், ஏன்னா அங்கே பின் குறியே உங்க கண்தான். ரெட் டாட்டில் இந்தப் பிசகு வெகுவாகக் குறையும்.

இனி நான் அடிச்சுச் சொல்ல விரும்பும் இடம். டங்ஸ்டன் தோட்டா, இறுக்கமான சோக், ரெட் டாட் மூன்றும் சேர்ந்ததும் கை துறுதுறுக்கும், 60 கஜத்தில் சுடலாமே என்று. வேண்டாம். கூடுதலாகக் கிடைத்த பலத்தைத் தூரத்துக்குச் செலவழிக்காதீங்க, உதைப்பைக் குறைக்கச் செலவழியுங்க. டங்ஸ்டன் போட்டால் 20 கேஜே 40 கஜத்துக்குப் போதும். தோளும் தப்பிக்கும். பெரிய தோட்டாவுக்குப் பயந்து சுடும் நொடியில் கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கமும் வராது. தூரம் கூடக் கூட, அது பறவைதானா, அதன் பின்னால் என்ன இருக்கு என்று உறுதியாகத் தெரிவது குறையும். தோட்டா எவ்வளவு விலை என்றாலும் அதை மாற்றாது.

உட்கார்ந்ததும் 40 கஜத்தில் ஒரு மரத்தையோ கல்லையோ அளந்து வைத்துக்கொள்ளணும். சேவல் அதைத் தாண்டி உள்ளே வரலையா, அன்னைக்கு அதுக்கு ஆயுசு கெட்டி.

காதையும் மறக்காதீங்க. ஷாட்கன் சத்தம் 150 டெசிபலைத் தாண்டும். வலது தோளில் வைத்துச் சுடுபவர்களுக்கு இடது காதுதான் முதலில் போகும், குழல் முனைக்கு நேராக இருப்பது அதுதான். சேவல் சத்தம் கேட்கணுமே என்று பஞ்சு கூட வைக்காமல் போகிறார்கள். மெல்லிய சத்தத்தைக் கூட்டி, வெடிச் சத்தத்தை மட்டும் தடுக்கும் எலக்ட்ரானிக் காதுக்கவசம் இருக்கு, வாங்கிக்கலாம்.

நண்பன் கடைசியாக ஒன்று கேட்டான். "நான் உட்கார்ந்திருக்கும்போது வேற வேட்டைக்காரன் என்னை நோக்கி வந்தா என்ன பண்றது?" கை ஆட்டாதே, அசைவு அவன் கண்ணில் பறவையாகத் தெரியும். கோழிச் சத்தம் கொடுக்கவே கொடுக்காதே. அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்தபடி அசையாமல் இருந்து, மனுஷக் குரலில் உரக்கக் கத்து. தமிழில் கத்தினாலும் பரவாயில்லை. எந்த வான்கோழியும் "யோவ், இங்க ஆள் இருக்கேன்யா"ன்னு கத்தாதுன்னு அவனுக்குத் தெரியும்.